கொடையும் பிடியும்: மைக்ரோசொப்ற் நிறுவனமும் திறந்த மூலநிரற் சமூகமும்

1976 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 3 ஆம் திகதியிட்டு, இருபது வயது இளைஞரொருவர் கணினி விருப்பாளர்க்கு விடுத்த திறந்த மடலொன்று கலிபோர்னியாவில் இயங்கிய கணினிக் கழகமொன்றின் செய்திமடலில் வெளிவந்தது. எழுதியவர் பில் கேற்ஸ். அல்தெயர் என்னும் சிறு கணினிக்காகத் தாமும் தம் நண்பரும் ஆக்கிய பேசிக் மொழிநிரலைப் பலர் விலைகொடாது படியெடுத்துக்கொண்டனர் என்பதே அம்மடலின் முறைப்பாடு. அக்கணினியை உடையாருள் நிரலை விலைக்கு வாங்கினோர் நூற்றுக்குப் பத்தின்மரும் இலர் என்றும், அதனை ஆக்குதற்குச் செலவான கணினி நேரத்தின் பெறுமதி 40,000 டொலரின் மேற்பட்டதென்றும், கிடைத்த ஊதியத்தைக் கணக்கிட்டால் மணிக்கு 2 டொலரும் தேறாதென்றும் அவர் எழுதினார். மடலின் உயிர்நிலை அதன் வினாவில் உளது. மூன்று மனித ஆண்டுகளின் உழைப்பை ஒரு நிரலிற் கொட்டி, பிழை களைந்து, விளக்கமும் எழுதி, அதனை இலவசமாக வழங்கவல்ல விருப்பாளர் எவருளர் என அவர் வினவினார்.

விடை எதிர்பார்த்து எழுப்பிய வினாவன்று அது. எவரும் இலர் என்பதே அவர் துணிபு. ஆயினும் வரலாறு அவ்வினாவை வினாவாகவே எடுத்துக்கொண்டு விடை கூறிற்று. அதே ஆண்டில் லீ சென் வாங் என்பார் தாம் ஆக்கிய சிறிய பேசிக் நிரலின் தலைப்பில், பதிப்புரிமை வாசகத்தைத் தலைகீழாக்கி, பிறர் படியெடுத்தலை வரவேற்கும் வேடிக்கை வாசகமொன்றைப் பொறித்து வெளியிட்டார். 1983 இல் றிச்சாட் ஸ்ரோல்மன் தம் குனூ முயற்சியை அறிவித்தார். 1991 இல் பின்லாந்து மாணவராகிய லினஸ் தோவால்ட்ஸ் லினக்ஸ் கருவகத்தை வெளியிட்டார். மூன்று மனித ஆண்டுகளென்ன, பல்லாயிரம் மனித ஆண்டுகளின் உழைப்பு, அறிமுகமில்லாதோர் பலராற் கூட்டப்பெற்று எவரும் எடுத்தாளத்தக்கதாய் இன்று உலகின் முன் கிடக்கின்றது. மடலை எழுதியவரது நிறுவனமே, அக்காலப் பேசிக் நிரல்களுள் ஒன்றான 6502 பேசிக்கின் மூலத்தை 2025 இல் எவரும் கொள்க என வெளியிட்டமை காலத்தின் விளையாட்டு எனலாம். பயன் கழிந்த பொருளைக் கொடுத்தல் எளிதென்பதும் உடன் நினைக்கற்பாலது.

மூலநிரல் என்பது யாதெனத் தெளிந்தாலன்றி இவ்வழக்கின் உட்பொருள் விளங்காது. நிரலாளர் எழுதுவது மனிதர் வாசிக்கவும் திருத்தவும் தக்க எழுத்துவடிவம். கணினி இயக்குவது அதனின்றும் ஆக்கப்பெற்ற, மனிதர் வாசித்தறிதற்கரிய எண்வடிவம். தனியுடைமை நிறுவனம் பின்னதை விற்று முன்னதை மறைக்கும். திறந்த மூலநிரலார் முன்னதையே வழங்குவர். வழங்குமிடத்தும் இருவேறு மரபுகள் உள. குனூ பொது உரிமம், நிரலைத் திருத்திப் பிறர்க்கு வழங்குவோர் தம் திருத்தத்தையும் அவ்வாறே திறந்துவைத்தல் வேண்டும் என விதிக்கும். எம்.ஐ.ரி. உரிமம் அத்தகைய கடப்பாடு எதனையும் விதியாது; ஆக்கியோன் பெயரைப் பேணினால் போதும், எடுத்தவர் தம் விருப்பிற்கேற்பப் பூட்டியும் விற்கலாம். மைக்ரோசொப்ற் பிற்காலத்தில் வரையாது வழங்கியவற்றுட் பெரும்பாலன இரண்டாம் வகை உரிமத்தின்பாற்பட்டவை என்பதை மனத்திற் கொள்ளல் நலம்.

அந்நிறுவனம் இச்சமூகத்தை முதன்முதல் எங்ஙனம் கண்டது என்பதற்கு வாய்த்த சான்று, 1998 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் உள்ளிருப்போர்க்கென எழுதப்பட்டு, அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் வெளியே கசிந்த குறிப்பேயாகும். ஹலோவீன் ஆவணங்கள் என்னும் பெயர்பெற்ற தொகுதியின் முதலாவது அது. எரிக் றேமண்ட் என்பார் அதனைப் பெற்றுப் பத்திக்குப் பத்தி தம் குறிப்பையும் சேர்த்து வெளியிட்டார். மூலம் ஒரு கட்சி, உரை மறு கட்சி; உரையாசிரியர் மூலநூலாரை மறுத்துச் செல்லும் உரைகளைப் பயின்றோர்க்கு அதன் அமைப்புப் புதிதன்று. எனினும் உரையினும் மூலமே சிறந்தது. அதனை எழுதிய உத்தியோகத்தர் கூர்ந்த நோக்கினர். திறந்த மூலநிரலின் தரம் வணிக நிரலின் தரத்திற்குக் குறைந்ததன்று என்றும், இணையத்தின் வழியே ஆயிரக்கணக்கானோரது அறிவை ஒருமுகப்படுத்தும் அதன் ஆற்றல் வியக்கத்தக்கது என்றும், அச்சமும் ஐயமும் விளைத்து விலைப்பொருளை வீழ்த்தும் பழைய உத்தி இதன்முன் செல்லாது என்றும் அவர் ஒளியாது எழுதினார். பகைவனை இத்துணை நேர்மையாக அளந்த எழுத்து அந்நிறுவனத்தின் வெளியீடுகளில் அக்காலத்திற் காண்டல் அரிது.

ஆனால் அளந்தபின் அவர் காட்டிய வழி யாது? கணினிகள் தம்முட் பேசுதற்குரிய பொது நெறிமுறைகளை நீட்டியும் புதியன படைத்தும், பிறர் நுழைதற்கு அரியனவாக்குதல் என்பதாம். அஃதாவது நிரலை வெல்ல முடியாவிடின் நிரல்கள் சந்திக்கும் வாயிலைக் கைக்கொள்க என்பது அறிவுரை. இவ்வொரு குறிப்பை மறவாதார்க்குப் பின்வந்த செயல்கள் பல தாமே விளக்கமுறும்.

வெளிப்பேச்சோ அக்குறிப்பின் அமைதியை எட்டவில்லை. 2001 இல் அக்கால முதல்வர் ஸ்ரீவ் பால்மர் செய்தித்தாளொன்றிற்கு அளித்த செவ்வியில், அறிவுச் சொத்து என்னும் நோக்கில் லினக்ஸ் தான் தொட்டவற்றிலெல்லாம் பற்றிக்கொள்ளும் புற்றுநோய் என்றார். அவ்வாண்டிலேயே பகிர்ந்த மூலம் என்னும் பெயரால் ஒரு திட்டம் புறப்பட்டது. அதன்கீழ்க் குறித்த சிலர் மூலநிரலைப் பார்க்கலாம். பலவற்றில் திருத்தவோ பரப்பவோ இயலாது. கண்ணாடிப் பேழையுள் வைத்த ஏட்டைச் சுற்றிநின்று படிப்பதை நூலகம் என்று அழைத்ததற்கு அது நிகர். 2007 இலோ நிறுவனத்தார், கட்டற்ற மென்பொருள்கள் தம் ஆக்கவுரிமைகளுள் 235 ஐ மீறுகின்றன எனப் போச்சூன் சஞ்சிகை வாயிலாக அறிவித்தனர். அவை எவையெனப் பட்டியலிட்டு வெளியிடவில்லை. குற்றத்தைக் கூறாது எண்ணிக்கையை மட்டும் கூறும் வழக்குரை, நீதிமன்றத்தை நோக்கியதன்று. வாங்குவோர் நெஞ்சத்தை நோக்கியது.

மாற்றம் எப்பொழுது தொடங்கிற்று என்ற வினாவுக்குப் பலரும் 2014 என்று விடை கூறுவர். அவ்வாண்டிற் பதவியேற்ற சத்திய நாதெல்லாவின் பெருந்தன்மையே அதற்குக் காரணம் என்பதும் அவர் கூற்று. இது முழுமையான விடையன்று. அதற்கு முன்னரே சட்டம் ஒரு கதவைத் திறந்திருந்தது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு, மைக்ரோசொப்ற் தன் சந்தை வலிமையை முறைதவறிப் பயன்படுத்திற்று எனத் தீர்த்து, 497 மில்லியன் யூரோவுக்கு மேற்பட்ட தண்டம் விதித்ததுடன், தன் சேவையகங்கள் பேசும் நெறிமுறை விவரங்களைப் போட்டியாளர்க்குத் தருமாறும் கட்டளையிட்டது. 2007 செப்ரெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. வின்டோஸ் கணினிகளுடன் பிற கணினிகள் கோப்புப் பகிர்தற்குதவும் சம்பா என்னும் கட்டற்ற நிரலின் ஆக்குநர், அந்நெறிமுறைகளைப் பல்லாண்டுகளாக வெளியிலிருந்து உற்றுக்கேட்டே ஊகித்து வந்தனர். அவர்தம் சார்பில் இயங்கிய அமைப்பொன்று, தீர்ப்பின் பயனாக 2007 திசெம்பரில் 10,000 யூரோவை ஒருமுறை மட்டும் செலுத்தி அவ்விவரங்களைப் பெற்றது. நான்காண்டு கழிந்து, 2011 இல், அதே சம்பாவுக்கு மைக்ரோசொப்ற் ஊழியர் ஒருவர் நிறுவனத்தின் பெயரால் நிரற்பகுதியொன்றைக் குனூ உரிமத்தின்கீழ் அளித்தார். இந்நல்லுறவை நிறுவனத்தின் மனமாற்றமாக மட்டும் எழுதும் வரலாறு, இடையில் நின்ற நீதிபதிகளை மறந்ததாகும்.

2009 ஆம் ஆண்டு தனித்து நோக்கற்பாலது. பெப்ரவரியில் அந்நிறுவனம், லினக்ஸ் கொண்டு வழிகாட்டுங் கருவிகள் செய்த ரொம்ரொம் என்னும் ஒல்லாந்து நிறுவனத்தின்மீது, கோப்புமுறை முதலிய ஆக்கவுரிமைகள் பற்றி வழக்குத் தொடுத்தது. மார்ச்சில் அது இணக்கமாய் முடிந்தது. யூலையில் அதே நிறுவனம் லினக்ஸ் கருவகத்துக்கு ஏறத்தாழ 20,000 வரி நிரலைக் குனூ உரிமத்தின்கீழ் வழங்கி உலகை வியப்பித்தது. ஒரு கையில் வழக்கோலை, மறுகையிற் கொடை. அக்கொடைதானும் தூயதன்று என்றோர் உளர். குனூ உரிமத்துக்குட்பட்ட பகுதிகளை மூடிய பகுதிகளோடு இணைத்திருந்தமையை நிரலாளர் ஒருவர் கண்டுணர்த்திய பின்னரே அந்நிரல் வெளிவந்தது என்பது அவர் வாதம். உரிமக் கடப்பாடு தம் முடிவுக்குக் காரணமன்று என்பது நிறுவனத்தார் மறுமொழி. எவ்வாறாயினும் அந்நிரல் யாது செய்தது என்பதே முதன்மையானது. மைக்ரோசொப்ற்றின் சொந்த மேடையின்மேல் லினக்ஸ் செவ்வனே ஓடுதற்கு அது துணையாயிற்று. 2012 அளவில் கருவகத்துக்கு மிகுதியாகப் பங்களித்த நிறுவனங்களின் வரிசையில் மைக்ரோசொப்ற் முதல் இருபதுள் இடம்பெற்றது. அப்பங்களிப்பின் பெரும்பகுதி தன் துண்டுநிரலைச் செப்பஞ்செய்தலே என்றறிந்தார்க்கு அவ்விடத்தின் உயரம் சிறிது குறைந்து தோன்றும்.

உண்மைக் காரணம் வேறிடத்தில் உளது. நிரலைப் பெட்டியிலிட்டு விற்ற காலம் போய், பிறரது நிரல்களைத் தன் கணினிகளில் ஓடவிட்டு வாடகை பெறும் முகில் வணிகம் வந்தது. அவ்வணிகத்தில் வாடிக்கையாளர் லினக்ஸைக் கொண்டுவரின் மறுப்பது பேதைமை. 2012 இல் மைக்ரோசொப்ற்றின் அசூர் முகில் லினக்ஸுக்கு இடங்கொடுத்தது; 2019 அளவில் அங்கே லினக்ஸ் வின்டோஸை விஞ்சிற்று என நிறுவனத்தாரே கூறினர். நாதெல்லா 2014 ஒக்ரோபரில் மைக்ரோசொப்ற் லினக்ஸை நேசிக்கின்றது என்று மேடையில் அறிவித்தமை இப்பின்னணியில் வைத்துணரப்படும். வாடகைக்காரன்மீது வீட்டுக்காரன் கொள்ளும் அன்பு பொய்யன்று. அதன் அளவு மட்டுமே அறியற்பாலது. 2020 இல் நிறுவனத்தின் தலைவர் பிராட் சிமித், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் திறந்த மூலநிரல் பற்றித் தாம் வரலாற்றின் தவறான பக்கத்தில் நின்றதாக ஒப்புக்கொண்டார். அச்சொல்லில் ஐயுறுதற்கு இடமில்லை.

செயல்களும் சிறியனவல்ல. 2014 நவம்பரில் டொற் நெற் என்னும் பெருமேடையின் உட்பகுதி திறக்கப்பட்டது. 2016 இல் நிறுவனம் லினக்ஸ் அறக்கட்டளையின் உயர்நிலை உறுப்பினராயிற்று. 2018 ஒக்ரோபரில், லினக்ஸைக் காத்தற்கென ஆக்கவுரிமைகளைப் பொதுவில் வைக்கும் கூட்டமைப்பிற் சேர்ந்து 60,000 இற்கு மேற்பட்ட ஆக்கவுரிமைகளை அதற்குட்படுத்திற்று. முன்னர் எண்ணிக்கை கூறி அச்சுறுத்தியதை நினைப்போர் இதனைச் சிறுசெயல் என்னார்.

ஆயின் கொடையை ஆராயும்போது, கொடுத்தது எது என்பதோடு கொடாது வைத்துக்கொண்டது எது என்பதையும் ஆராய்தல் திறனாய்வின் கடமை. இதற்கு விசுவல் ஸ்ரூடியோ கோட் என்னும் நிரலெழுது கருவியினும் சிறந்த எடுத்துக்காட்டில்லை. 2015 இல் வெளிவந்த அக்கருவி உலகெங்கும் நிரலாளராற் கையாளப்படுவது. அதன் மூலநிரல் எம்.ஐ.ரி. உரிமத்தின்கீழ் எவரும் காணக் கிடக்கின்றது. ஆனால் மக்கள் இறக்கிப் பயன்படுத்துவது அம்மூலமன்று; அம்மூலத்தோடு நிறுவனத்தின் பெயரும் இலச்சினையும், பயன்பாட்டுச் செய்திகளைத் திரட்டி அனுப்பும் ஏற்பாடும் சேர்த்து, வேறொரு தனியுடைமை உரிமத்தின்கீழ் வழங்கப்படும் பொருளாகும். கருவியின் வலிமை அதனோடு பொருத்தும் நீட்சிகளில் உளது. அந்நீட்சிகள் கிடைக்குங் கடை மைக்ரோசொப்ற்றின் கடை. அதன் விதிகளின்படி நிறுவனத்தின் சொந்தக் கருவிகள் மட்டுமே அங்கே கொள்ளலாம். அதே மூலத்தினின்றும் பிறர் ஆக்கிய கருவிக்கு அவ்வாயில் அடைப்பு. பைதன் மொழிக்கும் சி மொழிக்கும் உரிய சிறந்த நீட்சிகள் மூடிய பகுதிகளைக் கொண்டவை. 2025 இல், சி மொழிக்கான நீட்சி, பிறர் ஆக்கிய வழித்தோன்றற் கருவிகளில் இயங்க மறுக்கலாயிற்று. வழித்தோன்றல்கள் செல்வாக்குப் பெற்ற காலத்தில் அம்மறுப்பு நிகழ்ந்தமை கவனித்தற்குரியது; விதி முன்னரே எழுதப்பட்டிருந்தது, தேவை பின்னரே வந்தது.

எனவே கருவியின் உடல் பொது, வாயில் தனி. 1998 ஆம் ஆண்டுக் குறிப்பு சந்திப்பிடங்களைக் கைக்கொள்ளச் சொன்னதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். இதனால் இவ்விரண்டுக்கும் இடையே ஒரே சூழ்ச்சி இழையோடுகின்றது என்று துணிதல் மிகையாகும். எழுதியோரும் ஆண்டோரும் மாறினர். வணிகம் தன் ஊதியத்துக்குரிய இடத்தைத் தானே தேடிச்செல்லும். நீர் பள்ளத்தை நாடுதற்குச் சூழ்ச்சி வேண்டுவதில்லை. பிற நிறுவனங்களும் இவ்வாறே செய்துள. அன்ரொயிட்டின் மூலத்தைத் திறந்த கூகிள் தன் சேவைகளை மூடி வைத்ததும், ஐ.பி.எம். நிறுவனத்தின் கீழ்வந்த றெட் ஹற் 2023 இல் தன் மூலநிரலைப் பெறும் வழியைச் சுருக்கியதும் அறிந்தவையே.

சமூகத்தோடு பழகும் முறை இன்னொரு கூறு. 2020 மே மாதத்தில் மைக்ரோசொப்ற், வின்டோஸில் மென்பொருள்களை நிறுவுதற்கு வின்கெற் என்னும் கருவியை வெளியிட்டது. அதனோடொத்த கருவியொன்றைத் தனியே ஆக்கிவந்த நிரலாளர் ஒருவர், நிறுவனத்தார் முன்னாண்டில் தம்மை அழைத்துப் பேசியதையும், வேலை குறித்து நேர்முகம் நடத்தியதையும், பின் மாதக்கணக்கில் மௌனஞ்சாதித்து, வெளியீட்டுக்கு முந்திய நாளிலேயே செய்தி அனுப்பியதையும் எழுதினார். நிறுவனத்தின் பொறுப்பாளர் பின்னர் அவர்க்குரிய நன்றியைக் கூறத் தவறியதை ஒப்பினார். உரிமத்தின்படி இங்கே ஒரு குற்றமுமில்லை. கருத்தை எடுப்பதை எவ்வுரிமமும் தடுப்பதில்லை. ஆயினும் ஊதியமின்றி உழைப்போர்க்குப் பெயரே ஊதியம். அதனையும் கொடாமை, 1976 ஆம் ஆண்டு மடலிற் கேற்ஸ் முறையிட்ட குறையினும் பெரிதேயன்றிச் சிறிதன்று.

2021 ஒக்ரோபரில் நிகழ்ந்தது இதனினும் வெளிப்படையானது. நிரலை ஓடவிட்டபடியே திருத்தும் வசதியொன்று டொற் நெற்றின் திறந்த பகுதியில் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. வெளியீட்டுக்குச் சில வாரங்களின் முன், அவ்வசதி விசுவல் ஸ்ரூடியோ என்னும் நிறுவனத்தின் சொந்தப் பொருளுக்கே உரியதாகும் எனக் கூறி அந்நிரல் நீக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, நிறுவனத்தின் உள்ளிருந்தோரும் மனங்குன்றினர் எனச் செய்திகள் கூறின. சில நாள்களுள் நிரல் மீண்டது. சமூகத்தின் குரல் வென்றது என்று இதனைப் போற்றுவோர் உளர். வென்றது உண்மை. ஆனால் திறந்த முயற்சியெனப் பெயர்பெற்ற ஒன்றில், எதைச் சேர்ப்பது எதை நீக்குவது என்னும் முடிவு எவ்வறையில் எடுக்கப்படுகின்றது என்பதும் அந்நாள்களில் வெளியாயிற்று.

நிறுவனம் வேறு, அதனுள் உழைப்போர் வேறு என்பதற்கு 2024 ஆம் ஆண்டு சான்று தந்தது. அவ்வாண்டு மார்ச் 29 ஆம் திகதி, மைக்ரோசொப்ற் பொறியாளரும் போஸ்ற்கிறெஸ் தரவுத்தள நிரலாளருமாகிய அந்திரேஸ் புறொயிந்து, எக்ஸ்செற் என்னும் சுருக்கு நிரலுள் எவரோ மறைத்துவைத்த கள்ளவாயிலை உலகுக்கு அறிவித்தார். தொலைக்கணினியுட் புகுதற்கு வழமையினும் அரை விநாடியளவு கூடுதலாய்ச் செல்வதைக் கண்டு, அது ஏன் என்று விடாது துருவியதே அவர் செய்தது. அக்கள்ளவாயில் பரவியிருப்பின் உலகின் எண்ணிறந்த சேவையகங்கள் பிறர் கைப்பட்டிருக்கும். அந்நிரலையோ ஊதியமின்றித் தனியொருவர் பல்லாண்டு பேணிவந்தார். அவர் களைப்பைப் பயன்படுத்தியே வஞ்சகர் உள்நுழைந்தனர். மூலம் திறந்திருந்தமையாலும் ஒருவர்க்கு ஐயம் எழுந்தமையாலும் உலகம் தப்பிற்று. அத்தகைய மனிதர்க்கு ஊதியங் கொடுத்து வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் இதிற் பங்குண்டு என்பதை மறுத்தல் நேர்மையன்று. அவ்வுழைப்பின்மேல் முகில் வணிகம் நடத்தும் பெருநிறுவனங்கள் யாவும், அதனைப் பேணுவோர்க்கு எவ்வளவு மீட்டளித்தன என்னும் வினாவும் அதே நாளில் எழுந்தது. அது இன்னும் எழுந்தபடியே நிற்கின்றது.

எல்லாவற்றினும் பெரிய சந்திப்பிடம் கிற்ஹப். உலகின் திறந்த மூலநிரலிற் பெரும்பகுதி குடியிருக்கும் அவ்விணையத்தளத்தை 2018 இல் மைக்ரோசொப்ற் 7.5 பில்லியன் டொலர் பெறுமதிக்கு வாங்கிற்று. தளம் சீரழியும் என அஞ்சியோர் அச்சம் உடனே பலிக்கவில்லை. வசதிகள் பெருகின, தனியார் களஞ்சியங்களும் இலவசமாயின. 2021 யூனில் கோப்பைலற் என்னும் செயற்கை நுண்ணறிவுத் துணைவன் அங்கே தோன்றிற்று. பொதுக் களஞ்சியங்களிற் கிடந்த நிரலைப் பயின்று, எழுதுவோர்க்கு அடுத்த வரியைச் சொல்லித்தருவது அது. 2022 யூனில் மாதத்துக்கு 10 டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. பெயரைப் பேணுக என்று மட்டும் விதித்த உரிமங்களின் ஒரேயொரு நிபந்தனையும் இங்கே கரைந்துபோயிற்று என நிரலாளர் சிலர் 2022 நவம்பரிற் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். 2024 அளவில் அவர்தம் கோரிக்கைகளுட் பல தள்ளப்பட்டன. உரிம மீறல் பற்றிய சில எஞ்சின.

சட்டத்தின் முடிவு எதுவாயினும், கேற்ஸின் மடல் இங்கே திரும்பி வாசிக்கப்படும். ஆக்கியோனுக்குரியதைக் கொடாது அவன் ஆக்கத்தைக் கொள்ளல் ஆகாது என்றதே அதன் வாதம். கோப்பைலற் வழக்கில் அவ்வாதம் எதிர்க்கட்சியின் வாயில் ஒலித்தது.

கிற் என்னும் பதிப்பேற்பாட்டில் ஒவ்வொரு நிரலாளர் கணினியிலும் முழு வரலாறும் உளது. ஆதலால் நிரலை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லல் ஒரு நாள் வேலை. கொண்டுசெல்லல் அரியன, அதனைச் சூழ்ந்து திரண்ட பிழை முறைப்பாடுகள், விவாதங்கள், தேடிவரும் புதியோரின் வழக்கம் என்பன. 2022 இல் மென்பொருள் விடுதலைக் காப்பகம் கிற்ஹப்பை விட்டு நீங்குமாறு யாவரையும் அழைத்தபோது நீங்கினோர் சிலரே. 2025 ஓகத்தில் கிற்ஹப்பின் தலைமை அதிகாரி விலகுவதாக அறிவித்ததும் அவரிடத்துக்கு வேறொருவர் நியமிக்கப்படாமல், தளம் மைக்ரோசொப்ற்றின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவின்கீழ் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் சிக் என்னும் நிரல்மொழியை ஆக்குவோர் தம் களஞ்சியத்தைக் கோட்பேர்க்கு மாற்றினர். அது பேர்லினில் உறுப்பினரால் நடத்தப்படும், இலாபநோக்கற்ற ஒரு சங்கத்தின் தளம்.